உத்தம ஆகிஞ்சன்யமும் ஒரு பழைய லென்ஸும்



தசலக்ஷணப் பருவத்தின் ஒன்பதாம் நாளுக்கு உரிய தர்மம் உத்தம ஆகிஞ்சன்யம் ஆகும். எனது என்று சொல்லிக்கொள்ள யாதொன்றும் இல்லை என்னும் உணர்வில் நிலைபெறுதலே அதன் பொருள். இது முழுமையாகக் கைகூடுவது நிர்க்ரந்த முனிவர்களுக்கே. இல்லறத்தில் இருக்கும் நமக்கு அதன் சிறு பகுதியாக அருளப்பெற்றது பரிக்கிரக பரிமாண அணுவிரதம். பொருள்களுக்கு ஓர் எல்லை வகுத்து, அவ்வெல்லைக்கு உட்பட்டு வாழ்தலே இவ்விரதம் என்பதைச் சிறுவயது முதற்கொண்டே கேட்டு வருகின்றோம்.

நிலத்திற்கும் பொன்னிற்கும் எல்லை வகுப்பதில் பெரிய இடர்ப்பாடு இல்லை. இத்தனை ஏக்கர், இத்தனை சவரன் என்று எழுதிவிடலாம். உமாஸ்வாமி ஆசாரியர் இவ்விரதத்தின் அதிசாரங்களைக் கூறுமிடத்து நிலம், வீடு, வெள்ளி, பொன் முதலியவற்றோடு இறுதியில் 'குப்யம்' என்றும் ஒன்றைச் சேர்த்துள்ளார். ஆடை, பாத்திரம் முதலாய பிற பொருள்கள் எல்லாம் அச்சொல்லில் அடங்கும். நம் வீட்டு அலமாரியில் உள்ள தையல் இயந்திரமும், வானொலியும், கேமராவும் குப்யமே. நம்மில் பெரும்பாலோர் விரதப் பட்டியலில் பொன்னை எழுதுவர், குப்யத்தை எழுதுவதில்லை. ஆயினும் நாள்தோறும் கையில் எடுத்துப் பழகும் சிறு பொருளில்தான் மனம் நன்றாக ஒட்டிக்கொள்கின்றது. அத்தகைய ஒரு பொருளைப் பற்றியே இன்று சிந்திக்க விரும்புகின்றேன்.

என் தம்பி மகன் ஐம்பது வயதைக் கடந்தவன். கணக்கு எழுதுவது அவன் தொழில். விடுமுறை நாள்களில் நம் சமணக் குன்றுகளையும் குகைகளையும் ஜினாலயங்களையும் படம் எடுத்துத் தொகுப்பது அவன் மேற்கொண்ட தொண்டு. நாற்பதாம் வயதில் ஒரு முனிவரின் திருமுன் அணுவிரதம் ஏற்றபோது, குப்யம் என்ற தலைப்பின்கீழ் 'கேமரா ஒன்று, லென்ஸ் இரண்டு' என்றும் எழுதிக்கொண்டான். அவ்விரண்டில் ஒன்று கல்வெட்டு எழுத்துகளை அண்மையில் நின்று எடுப்பதற்கான 55 மி.மீ. லென்ஸ். மற்றொன்று 24 மி.மீ. அகன்ற கோண லென்ஸ். அவன் தந்தை, அதாவது என் தம்பி, 1984-இல் வாங்கியது. அந்த லென்ஸில் பூசணம் பிடித்துவிட்டது. "அத்தை, இதை மாற்றிவிட்டுப் புதியது ஒன்று வாங்கலாமா, கூடாதா? விரதத்திற்குக் குறை வருமா?" என்று ஒரு நாள் வந்து கேட்டான்.

இதிலென்ன பெரிய சங்கை என்று சிலர் நினைக்கக்கூடும். கெட்டுப்போனால் மாற்ற வேண்டியதுதானே என்பர். ஆயின் அவன் கேள்வியைப் பிரித்துப் பார்த்தபோது, அதனுள் அஹிம்சையும் சத்தியமும் அஸ்தேயமும் அபரிக்கிரகமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

முதற்கண் அகன்ற கோண லென்ஸ் என்பது யாதெனக் கூறுகின்றேன். 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உள்ள படச்சட்டத்தில், 50 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை ஏறத்தாழ 46 பாகை அளவுள்ள காட்சியையே கொள்ளும். 24 மி.மீ. லென்ஸ் 84 பாகை கொள்ளும். பின்வாங்கி நிற்க இடமுள்ள வெளியில் இவ்வேறுபாடு பெரிதன்று. நம் முனிவர்கள் வாழ்ந்த இடங்களோ அத்தகையன அல்ல. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் தொங்கும் பாறையின் அடியில் 17 கற்படுக்கைகள் உள்ளன. ஒருபுறம் பாறை, மறுபுறம் சரிவு; எங்கே பின்வாங்குவது? காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் இருகப்பர் 1387-இல் எடுப்பித்த சங்கீத மண்டபத்தின் விதானத்தில் ரிஷப தேவர், வர்த்தமானர் முதலியோரின் வரலாறுகள் ஓவியங்களாக உள்ளன. தரையில் மல்லாந்து படுத்தாலன்றி அவற்றைப் படத்தில் கொள்ள இயலாது. திருமலையில் ஏறத்தாழ 16 மீட்டர் உயரம் உள்ள நேமிநாதர் திருவுருவை ஒரே படத்தில் முழுமையாகக் காட்டவும் அகன்ற கோணமே துணை. (கீழிருந்து மேல்நோக்கிச் சாய்த்தால் திருமுடி சிறுத்துக் காணும் என்ற குறை இவ்வகை லென்ஸ்களுக்கு உண்டு. கேமராவைச் சாய்க்காமல் நேரே பிடித்து, வேண்டாத முன்தரையைப் பின்னர் வெட்டிவிடுவான் அவன்.) ஆகவே அவன் தொண்டிற்கு இக்கருவி இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. பழைய கருவியே போதாதா என்பதுதான் வினா.

இனிப் பூசணத்தைப் பார்ப்போம். நம் ஆசாரியர்கள் பூசண வகைகளைத் தாவர உடல் பெற்ற ஓரறிவு உயிர்களோடு சேர்த்து எண்ணியுள்ளனர். ஊறுகாய் ஜாடியில் படர்ந்தாலும் கண்ணாடியில் படர்ந்தாலும் அது உயிரே. ஈரமும் இருளும் காற்றோட்டம் இன்மையும் கூடிய இடத்தில், லென்ஸின் மேற்பூச்சின்மீது நூலாம்படை போலக் கிளைத்துப் படர்கின்றது. தன்னிலிருந்து கசியும் அமிலத்தால் அப்பூச்சையும் அரித்துவிடுகின்றது. பழுது பார்ப்பவர் மருந்து தடவித் துடைத்தால் அவ்வுயிர்கள் மடிகின்றன. துடைக்கலாமா?

முனிவர்க்கு இக்கேள்வி எழாது. அவரிடம் லென்ஸ் இல்லை. இல்லறத்தானுக்கு சங்கற்ப ஹிம்சை அறவே விலக்கு. சமைத்தல், துலக்குதல், வீடு பெருக்குதல் ஆகியவற்றில் நேரும் ஆரம்ப ஹிம்சையை அவனால் முற்றும் விலக்க இயலாது, குறைத்துக்கொள்ளவே இயலும். லென்ஸைத் துடைப்பதும் இவ்வகையினதே என்று கூறினேன். ஆனால் அத்துடன் நிறுத்தவில்லை. துடைக்க நேரும் நிலை வராமல் காப்பதன்றோ யத்னாசாரம்? நம் பெண்மக்கள் அப்பளத்தையும் வடகத்தையும் நன்கு காயவைத்துப் பின் அடைப்பது எதற்காக? சுவைக்காக மட்டுமன்று, அவற்றில் உயிர்கள் தோன்றி மாளாதிருக்கவும் ஆகும். புதிய லென்ஸ் வாங்கினாலும், அதே அலமாரியில் அதே மழைக்காலத்தில் அதே போல் வைத்தால் அதிலும் பூசணம் தோன்றும். ஆதலின் வாங்குவதா வேண்டாமா என்று எண்ணுவதற்கு முன் வைக்கும் இடத்தைத் திருத்தவேண்டும்.

அவ்வாறு பார்த்தபோது ஒன்று தெரியவந்தது. என் தம்பி அந்த லென்ஸை வாங்கியபோது உடன் வந்த தோல் உறையிலேயே அது இத்தனை ஆண்டுகளும் இருந்திருக்கின்றது. தோல் ஈரத்தை உறிஞ்சித் தேக்கிவைக்கும் இயல்புடையது. ஓர் உயிரின் தோல், வேறு பல உயிர்கள் தோன்றி மடியவும் இடமாயிற்று. அந்த உறையை அன்றே விலக்கச் செய்தேன். இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடனும் ஈரப்பதம் காட்டும் சிறு கடிகையுடனும் வைக்கின்றான். கடிகை 40-க்கும் 50-க்கும் இடையில் நின்றால் நன்று என்கின்றனர். ஓலைச்சுவடிகளையும் பழைய ஆலய ஆவணங்களையும் வீட்டில் வைத்திருப்போர் இதனைக் கருத்திற் கொள்ளலாம்.

தோலைப் பற்றிச் சொல்லும்போது பிலிமைப் பற்றியும் ஒரு சொல். பிலிமின் ஒளியுணர் பூச்சு கால்நடைகளின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து காய்ச்சி எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. படம் அச்சிடும் தாளிலும் அதுவே உண்டு. நம் இல்லங்களில் தொங்கும் பழைய தீர்த்தங்கரர் படங்களில் எத்தனையோ இவ்வகைத் தாளில் ஆனவை. பெரும்பாலோர் அறியாமல் செய்தது அது. டிஜிட்டல் முறை வந்தபின் அப்பூச்சிற்குத் தேவை இல்லாது போயிற்று. புதியவை எல்லாம் ஆசையின் விளைவு என்று ஒரேயடியாக ஒதுக்கும் பெரியோர்கள் இதனையும் எண்ணிப் பார்க்கவேண்டும். சில மாற்றங்களால் ஹிம்சை குறைகின்றது. எனவே மாற்றுதல் என்பதே பரிக்கிரகம் என்று நான் கொள்வதில்லை.

அவன் பிலிமைவிட்டு டிஜிட்டல் கேமராவிற்கு மாறியபோது பழைய லென்ஸை மாற்றவில்லை. நிக்கான் நிறுவனம் 1959-இல் அமைத்த இணைப்பு முறையிலேயே பின்னாளைய கேமராக்கள் பலவும் வந்தமையால் அது அப்படியே பொருந்தியது. படவுணரி சிறியதாக உள்ள கேமராவை வாங்கியிருந்தால் 24 மி.மீ. லென்ஸ் 36 மி.மீ. போலத்தான் காட்டும், அகலம் போய்விடும். பழைய பிலிம் அளவிலேயே உணரி உள்ளதைத் தேடி வாங்கியதால் அத்துன்பமும் இல்லை. இத்தனை ஆண்டுகளும் அந்த 250 கிராம் எடையுள்ள சிறு லென்ஸே போதுமானதாக இருந்தது.

பூசணம் பிடித்தபின் பழுது பார்ப்பவரைத் தேடிச் சென்றவன் வழியில் ஒரு கடைக்குள்ளும் நுழைந்திருக்கின்றான். அங்கே 2007-இல் வெளிவந்த 14 முதல் 24 மி.மீ. வரை நகரும் லென்ஸ் ஒன்றை எடுத்துக் காட்டியுள்ளனர். எடை ஏறத்தாழ ஒரு கிலோ. விலை ஒரு லட்ச ரூபாய்க்கு மேல். முன்கண்ணாடி குமிழ்போல் புடைத்திருக்குமாம். அருகில் நின்ற ஓர் இளைஞர் அதனால் எடுத்த படங்களையும் காட்டினாராம். அதன்பின் மூன்று நாள்கள் உறக்கம் சரியாக இல்லை என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

சமந்தபத்திர ஆசாரியர் ரத்னகரண்ட சிராவகாசாரத்தில் இவ்விரதத்திற்குக் கூறும் ஐந்து அதிசாரங்கள் உமாஸ்வாமி கூறியவற்றினின்று வேறுபட்டவை. அதிவாகனம், அதிசங்கிரகம், விஸ்மயம், லோபம், அதிபாரவஹனம் என்பன அவை. இவற்றுள் விஸ்மயம் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பாக உள்ளது. பிறரிடம் உள்ள பொருளையும் அவர் பெற்ற ஆதாயத்தையும் கண்டு மலைத்து நிற்றல் என்று இதனை விளக்குவர். கையில் ஒரு பொருளும் புதிதாக வரவில்லை. ஒரு காசும் செலவாகவில்லை. ஆயினும் மலைத்து நின்ற அப்போதே விரதத்தில் மாசு படிந்துவிட்டது என்கின்றார் ஆசாரியர். அந்தக் கடையில் நிகழ்ந்தது வேறு என்ன?

அவனும் எளிதில் விடவில்லை. "அத்தை, இது எனக்காகவா? நம் கோயில்களுக்காகத்தானே? முனிவர்க்கே பிஞ்சி, கமண்டலம், சாத்திரம் என்ற மூன்று உபகரணங்கள் உண்டே. சாத்திரம் ஞானோபகரணம் என்றால் இந்த லென்ஸும் அப்படித்தானே?" என்றான்.

நல்ல கேள்விதான். ஆனால் ஞானோபகரணம் என்னும் பெயரை எதற்குச் சூட்டுகின்றோம் என்பதில் எச்சரிக்கை வேண்டும். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நான் மாணவியர்க்குப் பல்லாண்டுகள் கற்பித்த ஒன்று உண்டு. பாடக்குறிப்பு எழுதும்போது முதலில் பாடத்தின் நோக்கத்தை எழுத வேண்டும். அதன் பின்னரே துணைக்கருவியை எழுத வேண்டும். சிலர் அழகிய படம் ஒன்றைச் செய்துவிட்டு அதற்கு ஏற்ற பாடத்தைத் தேடுவர். ஆய்வாளர் வரும் நாளில் அவ்வகுப்பு மிகவும் பொலிவாக இருக்கும். பிள்ளைகள் மட்டும் ஒன்றும் கற்றிருக்க மாட்டார்கள். ஆகவே அவனிடம், "எந்தக் குகையில் எந்தப் படத்தை எடுக்க உன் பழைய லென்ஸ் தவறியது? அதை முதலில் எழுதிக் கொண்டுவா" என்றேன். அந்த ஆண்டின் சாதுர்மாசம் முடியும் வரை எந்த லென்ஸும் வாங்குவதில்லை என்று ஒரு கால எல்லையும் வகுத்துக்கொண்டான். வாழ்நாள் முழுமைக்கும் கொள்வது யமம். குறித்த காலத்திற்குக் கொள்வது நியமம். போக உபபோகப் பொருள்களில் நியமம் கொள்ளும் பழக்கம் நம்மிடையே குறைந்து வருகின்றது. நான்கு மாதம் பொறுத்தலால் எத்தனை செலவுகள் தாமாகவே நின்றுவிடும் என்பதை இல்லத்தரசிகள் செய்து பார்த்தல் நலம்.

பழுது பார்த்தவர் உள்கண்ணாடியைப் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். பூசணம் நீங்கியது. ஆனால் ஓரிடத்தில் மேற்பூச்சு அரிக்கப்பட்ட வடு நிலைத்துவிட்டது. அது இனிப் போகாது என்றார். அந்த லென்ஸைக் கொண்டு நான்கு மாதங்கள் பல இடங்களில் படம் எடுத்துப் பார்த்தான். முடிவு எனக்கே வியப்பளித்தது. ஒளி முதுகுப்புறமாக வரும் இடங்களில் எக்குறையும் இல்லை. திருநாதர்குன்றின் பாறையில் செதுக்கப்பெற்ற 24 தீர்த்தங்கரர் உருவங்களும் முன்போலவே தெளிவாக வந்தன. (அங்குள்ள பழங்கல்வெட்டு, 57 நாள் அனசனம் நோற்று உடல் நீத்த சந்திரநந்தி ஆசிரியரைக் குறிப்பது என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.) ஆனால் குகையின் உள்ளே நின்று வாயிலை நோக்கி எடுக்கும்போது, வெளியிலிருந்து வரும் ஒளி அவ்வடுவில் பட்டுச் சிதறிப் படம் முழுதும் வெண்புகை படர்ந்தாற்போல் ஆகிவிடுகின்றது. கறுப்பு அட்டையால் மறைப்புச் செய்து பார்த்தான். ஒளி பக்கவாட்டில் வரும்போது அது உதவியது, நேரே வரும்போது உதவவில்லை. மதுரை சமணர்மலையின் செட்டிப்புடவில் உட்புறப் பாறையில் உள்ள உருவங்களை எடுத்தபோது, மங்கலாக உள்ளது சிற்பமா லென்ஸா என்றே பிரித்தறிய முடியவில்லை.

இங்கேதான் சத்தியம் என்னும் விரதம் குறுக்கிடுகின்றது. சித்தன்னவாசல் தாமரைத் தடாகத்தின் வண்ணம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தாங்கிவந்து இப்போது மங்கி வருகின்றது. இன்று எடுக்கும் படம் நாளை சான்றாகும். லென்ஸின் வடுவால் ஓவியம் மங்கலாகப் பதிவானால், இந்த ஆண்டிலேயே இவ்வளவு அழிந்திருந்தது என்று பின்னாளில் வருவோர் தவறாகக் கொள்வர். படம் எடுத்தவன் வாய் திறந்து பொய் கூறவில்லை. படம் பொய் கூறும். ஆகவே அக்குறிப்பிட்ட பணிக்கு அந்த லென்ஸ் இனித் தகுதியானதன்று என்று நான் சொல்லிவிட்டேன்.

அவன் மகிழ்வான் என்று எண்ணினேன். அவனோ முகம் வாடிவிட்டான். "அப்பா வாங்கியது, அத்தை. எல்லை இரண்டு என்பதால், ஒன்று வந்தால் இதைக் கொடுத்தாக வேண்டுமே" என்றான். மூன்று நாள் உறக்கத்தைக் கெடுத்த புதிய லென்ஸை அவன் நான்கு மாதத்தில் மறந்துவிட்டிருந்தான். இந்தப் பழையதையோ விட இயலவில்லை.

பழையதையே வைத்துக்கொண்டு காலம் தள்ளுவோரை நாம் எளிமையானவர் என்று புகழ்கின்றோம். பல நேரங்களில் அப்புகழ் தகுதியானதே. ஆனால் உமாஸ்வாமி பரிக்கிரகத்தைப் பொருள் என்று கூறாமல் மூர்ச்சை என்று கூறினார். பொருளின் விலையும் வயதும் அதில் வரவில்லை. எனது என்னும் மயக்கம் மட்டுமே வந்துள்ளது. பகவான் பாகுபலியின் வரலாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். வென்ற நாட்டையும் துறந்து, ஓராண்டுக் காலம் நின்ற நிலையில் தவம் செய்தார். கொடிகள் உடலில் படர்ந்தன. அவரிடம் ஒரு துரும்பும் இல்லை. எனினும் தம் தமையன் பரதன் தம்மால் மனம் நொந்தானே என்னும் ஓர் எண்ணம் எஞ்சியிருந்தது. பரதன் வந்து பணிந்தபின்னரே கேவலஞானம் உதித்தது என்று ஆதிபுராணம் கூறும். உடன்பிறந்தான் மீதுள்ள பரிவு தீயதா? அன்று. ஆயினும் அதுவும் எஞ்சியது. தந்தையின் நினைவும் அப்படியே என்று அவனிடம் கூறினேன். தந்தையை நினை, அதற்கு ஒரு கண்ணாடி வில்லை எதற்கு?

அவனுக்கு என் சொல்லைவிடப் பிஞ்சியின் உதாரணமே மனத்தில் பட்டது என்று நினைக்கின்றேன். முனிவரின் மயிற்பீலிப் பிஞ்சி, மயில் தானே உதிர்த்த பீலிகளால் ஆனது. நுண்ணுயிர்களுக்குத் துன்பம் நேராமல் இடத்தைத் துடைப்பது அதன் பணி. நாளடைவில் பீலிகள் மென்மை குன்றிவிடும். அந்நிலையில் அதே பிஞ்சியால் துடைத்தால் காக்க வேண்டிய உயிர்களுக்கே ஊறு நேரும். ஆகவே சாதுர்மாசம் முடிந்தபின் முனிவர்கள் புதிய பிஞ்சி ஏற்கின்றனர். பழையதை, ஏதேனும் ஒரு விரதத்தை ஏற்கும் இல்லறத்தார்க்கு அளிக்கின்றனர். இத்தனை ஆண்டு கையில் இருந்ததே என்று எந்த முனிவரும் இரண்டாவதாக ஒன்றை வைத்துக்கொள்வதில்லை. வண்ணம் மிகுந்த பிஞ்சி வேண்டும் என்று கேட்பதுமில்லை. மென்மை உள்ளதா, இல்லையா என்பதே அங்கு அளவுகோல்.

இறுதியில் அவன் ஒரு லட்ச ரூபாய் லென்ஸை வாங்கவில்லை. அதே 24 மி.மீ. லென்ஸிலேயே ஒருவர் பயன்படுத்தி விற்க வைத்திருந்த, பூசணம் இல்லாத ஒன்றை வாங்கினான். வாங்குமுன் சிறு கைவிளக்கின் ஒளியை உட்செலுத்திக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தான். பழையதைக் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வதாகக் கூறினராம். வடுவைப் பற்றி அவர்கள் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. குறையை மறைத்து நல்ல பொருள்போல் கொடுப்பது அஸ்தேய விரதத்தின் பிரதிரூபக வியவகாரத்தைச் சார்ந்துவிடும் என்று அவனே உணர்ந்து, அவ்வாறு செய்யாமல் திரும்பினான்.

அந்தப் பழைய லென்ஸ் இப்போது வந்தவாசிப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவியிடம் உள்ளது. வடு இருக்கும் இடத்தையும், எந்த ஒளியில் அது படத்தைக் கெடுக்கும் என்பதையும் ஒரு தாளில் எழுதி உடன் கொடுத்தான். பிஞ்சி பெறுவோர் போல நானும் ஏதாவது நியமம் கொள்ள வேண்டுமா என்று அப்பெண் கேட்க, தோல் பொருள்களை விலக்குவதாக ஓராண்டு நியமம் ஏற்றாள். ஊர் ஜினாலயத்தின் தூண் சிற்பங்களைக் காலை வேளையில், ஒளி முதுகுப்புறம் இருக்கும்போது எடுத்து வருகின்றாள். சென்ற மாதம் எனக்கு எட்டுப் படங்கள் அனுப்பினாள். எட்டும் தெளிவாகவே உள்ளன.